அப்பாவின் ‘இருந்திருந்தால்’ கணக்கு

போன போகிக்குப் பரணைச் சுத்தம் செய்தபோது அப்பாவின் பழைய நோட்டு ஒன்று கிடைத்தது. நாற்பது பக்க நோட்டு, அட்டை போயிருந்தது. விருதுநகரில் ஒரு கமிஷன் மண்டியில் அப்பா கணக்கு எழுதினார். வற்றலும் மல்லியும் வந்து இறங்கும் மண்டி. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அவர் சட்டையை அம்மா உதறிக் கொடியில் போடுவாள். உதறியதும் இரண்டு பேரும் தும்முவார்கள். நோட்டைப் பிரித்தபோது எனக்கும் தும்மல் வந்தது. அது வற்றல் நெடியா, வெறும் பரண் தூசியா தெரியவில்லை. வற்றல் என்றே வைத்துக்கொண்டேன்.

நடுப்பக்கத்தில் நீல மையில் இப்படி இருந்தது:

1990 மார்ச் – 5,000
1995 செப்டம்பர் – 10,000
2001 மார்ச் – 20,000
2006 செப்டம்பர் – 40,000
2012 மார்ச் – 80,000
2017 செப்டம்பர் – 1,60,000
2023 மார்ச் – 3,20,000

கடைசித் தொகைக்குக் கீழே, பேரேட்டில் கணக்கு முடிப்பதுபோல, இரட்டைக் கோடு.

என்ன கணக்கு என்று பார்த்ததும் புரிந்துவிட்டது. கிசான் விகாஸ் பத்திரம். 1988 ஏப்ரலில் தபால் நிலையங்களில் வந்த திட்டம். அன்றைக்கு அதை விற்ற ஏஜெண்டுகள் யாரும் வட்டி எத்தனை சதவீதம் என்று சொன்னதில்லை. “அஞ்சரை வருஷத்துல டபுள்” என்ற ஒரே வாக்கியம்தான். அதற்குமேல் சொல்லவும் தேவையில்லை. அப்பா 1990 மார்ச்சில் ஐயாயிரத்துக்கு ஒரு பத்திரம் வாங்கி, அன்று ராத்திரியே உட்கார்ந்து முப்பத்து மூன்று வருடத்துக்குக் கணக்குப் போட்டிருக்கிறார். எனக்கு அப்போது ஆறு வயது.

ஐந்தரை வருடத்தில் இரட்டிப்பு என்றால் என்ன வட்டி? பள்ளிக்கூடக் கணக்கு தெரிந்தவர்கள் சட்டென்று போடுவது: ஐந்தரை வருடத்தில் நூற்றுக்கு நூறு, அப்படியானால் வருடத்துக்கு 18 சொச்சம். அது தனிவட்டி. வட்டியும் சேர்ந்து குட்டி போடுகிறது என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 13.43 சதவீதமே போதும். ஐந்து சதவீதத்துக்குக் கிட்டத்தட்ட வித்தியாசம். நோட்டின் ஓரத்தில் அப்பா வேறு மாதிரி எழுதியிருந்தார்: “மாதம் ரூ.1.06 வட்டி.” அவர் மண்டிக்காரர். நம் ஊரில் வட்டியை வருடச் சதவீதத்தில் யார் சொல்கிறார்கள்? நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் என்றால் ‘ஒரு வட்டி’, இரண்டு ரூபாய் என்றால் ‘ரெண்டு வட்டி’. 1.06-ஐ அவர் எப்படிப் பிடித்தார் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். 66 மாதத்துக்குப் பெருக்கிப் பெருக்கிப் பார்த்திருக்க வேண்டும். மடக்கையெல்லாம் அவருக்குத் தெரியாது. அடுத்த இரண்டு பக்கம் முழுக்கப் பெருக்கல்தான்.

சூத்திரம் என்று பார்த்தால் ஒரு வரி. போட்ட முதல் தொகையை எடுத்துக்கொள். ஒன்றோடு வட்டி விகிதத்தைக் கூட்டு. அந்த எண்ணால் முதலை எத்தனை வருடமோ அத்தனை தடவை பெருக்கு. 12 சதவீதம் என்றால் 1.12 ஆல் பெருக்க வேண்டும். நூறு ரூபாய் முதல் வருடம் 112 ஆகும். இரண்டாம் வருடம் 124 ஆகாது, 125 ரூபாய் 44 பைசா ஆகும். கூடுதலாக வந்த அந்த 1 ரூபாய் 44 பைசா, போன வருடத்து 12 ரூபாய் வட்டி சம்பாதித்துக் கொடுத்தது. பார்க்க அற்பமாகத்தான் இருக்கும். 1986-லிருந்து 2000 ஜனவரி வரை பிபிஎஃப் என்ற பொது வருங்கால வைப்பு நிதிக்கு 12 சதவீதம் கொடுத்தார்கள். அந்த விகிதத்தில் நூறு ரூபாயைப் பதினைந்து வருடம் விட்டுவைத்தால் 547 ரூபாய். தனிவட்டியில் 280. நடுவில் இருக்கும் 267 ரூபாயும் அந்த ஒண்ணே முக்கால் ரூபாய்கூடப் பெறாத சில்லறையின் வாரிசுகள்.

வீட்டில் சாதாரண கால்குலேட்டர் இருந்தால் ஒரு வித்தை: 1.12 அழுத்தி, பெருக்கல் குறி அழுத்தி, அப்புறம் சமக்குறியை மட்டும் தட்டிக்கொண்டே போங்கள். பல கால்குலேட்டர்களில் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு வருடம் கூடும். சிலவற்றில் பெருக்கல் குறியை இரண்டு தடவை அழுத்த வேண்டும். பதினைந்தாவது வருடத்துக்குப் பதினாலு தட்டு. சூத்திரத்தை விட இப்படித் தட்டிப் பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. முதல் ஏழெட்டுத் தட்டுக்கு எண் சோம்பேறித்தனமாக நகரும். அப்புறம் ஓட ஆரம்பிக்கும். (இதை உலகின் எட்டாவது அதிசயம் என்று ஐன்ஸ்டீன் சொன்னதாக வாட்ஸாப்பில் வருடத்துக்கு நாலு தடவை வருகிறது. அவர் சொன்னதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. அனுப்புகிறவர் பெரும்பாலும் இன்ஷூரன்ஸ் ஏஜெண்டாக இருப்பார்.)

ஓடுவது நம் பணமாக இருந்தால் சந்தோஷம். கடனாக இருந்தால்? ரெண்டு வட்டிக்கு வாங்கி, மாதா மாதம் வட்டியைக் கட்டாமல் முதலோடு சேர்த்துக்கொண்டே போனால் 35 மாதத்தில் கடன் இரட்டிப்பு. கிசான் பத்திரம் 66 மாதத்தில் செய்ததை ரெண்டு வட்டி அதில் ஏறக்குறையப் பாதி காலத்தில் செய்துவிடும். மண்டியில் பேரேட்டின் அந்தப் பக்கத்தையும் எழுதியவர் அப்பா. அதனால்தானோ என்னவோ, அவர் யாரிடமும் கைமாற்றுக்கு மேல் வாங்கியதில்லை.

சரி, என் கதைக்கு வருகிறேன். அப்பா 2012-ல் போய்விட்டார். மண்டியில் கொடுத்ததும் அவர் சேமித்ததுமாக இருந்ததில் ஐந்து லட்சத்தை 2014-ல் அம்மா பெயரில் ஒரு வங்கியில் ஐந்து வருட டெபாசிட்டாகப் போட்டேன். வட்டி 9 சதவீதம். வங்கி வாசலில் பெரிய பலகை: ‘ஈல்டு 11.21%’. ஒன்பதுக்கு எப்படிப் பதினொன்றே கால் வரும் என்று கவுண்டரில் கேட்டேன். “அது காம்பவுண்டிங் சார்” என்றார் அந்தப் பையன். நானும் பெரிய விஷயம் தெரிந்தவன்போலத் தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால் விஷயம் வேறு. நம் வங்கிகளில் இப்படிப்பட்ட டெபாசிட்டுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டியை முதலில் சேர்ப்பார்கள். ஒன்பதை நாலாகப் பிரித்தால் 2.25. ஐந்து வருடத்தில் இருபது காலாண்டு. 1.0225-ஐ இருபது தடவை பெருக்கினால் ஒரு லட்சம் 1,56,051 ஆகிறது. இந்த 56,051-ஐ ஐந்தால் வகுத்தால் வருடத்துக்கு 11,210. அதுதான் பலகையில் இருந்த 11.21! கூட்டு வட்டியில் வளர்ந்த பணத்தைத் தனிவட்டியாக மாற்றிக் காட்டுகிறார்கள். இன்னும் நீண்ட டெபாசிட் என்றால் இந்த எண் இன்னும் பெரிதாகத் தெரியும். வட்டி மட்டும் அதே 9-தான். பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் பக்கத்து வங்கியின் 9 சதவீதத்தோடு ஒப்பிட நினைக்கிறவருக்கு அது உதவவே உதவாது. காலாண்டுச் சேர்ப்பை வருடக் கணக்கில் சொன்னால் உண்மையான விகிதம் 9.31 சதவீதம்.

வட்டியை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை சேர்க்கிறார்கள் என்பதைப் பற்றி நிறையப் பேர் கவலைப்படுவதைப் பார்த்திருக்கிறேன். அதே ஒரு லட்சம், அதே 9 சதவீதம், ஐந்து வருடம். வருடத்துக்கு ஒருமுறை சேர்த்தால் 1,53,862. காலாண்டுக்கு 1,56,051. மாதாமாதம் என்றால் 1,56,568. நொடிக்கு நொடி சேர்த்தாலும் 1,56,831-ஐத் தாண்டாது. 1683-ல் ஜேக்கப் பெர்னூலி இதே கேள்வியைத்தான் கேட்டார்: ஒரு நாணயம், நூறு சதவீத வட்டி, வருடத்துக்குள் எத்தனை தடவை வேண்டுமானாலும் சேர்க்கலாம் என்றால் எங்கே போய் நிற்கும்? முடிவில்லாமல் ஏறாது, மூன்றைத் தொடாமல் இரண்டே முக்காலுக்குச் சற்றுக் கீழே நின்றுவிடும். கணிதத்தில் 2.718 என்ற எண் இந்த வட்டிக் கணக்கில்தான் தலைகாட்டியது. நமக்கு இதில் தெரியவேண்டியது, காலாண்டா மாதமா என்று அலைவதில் பெரிய லாபமில்லை என்பதுதான். அரை சதவீதம் கூடுதல் வட்டியோ இரண்டு வருடம் கூடுதல் பொறுமையோ அதைவிட எத்தனையோ மடங்கு செய்யும்.

2019-ல் டெபாசிட் முதிர்ந்தது. ரசீதில் 7,80,255 என்று அச்சாகியிருந்தது. அம்மா அந்தத் தொகையை மனப்பாடமாக வைத்திருந்தாள். கணக்கில் வந்தது ஏழு லட்சத்து நாற்பத்தேழாயிரத்துச் சொச்சம். கிட்டத்தட்ட 32,600 ரூபாய் குறைவு.

“ஏப்பா, பேங்க்காரன் எடுத்துக்கிட்டானா?”

எடுத்துக்கொண்டது பேங்க்காரன் இல்லை. தப்பு என்னுடையது. அம்மாவுக்கு வரி கட்டும் அளவு வருமானம் இல்லை. அதைச் சொல்லி ஒவ்வொரு ஏப்ரலிலும் 15எச் என்ற படிவத்தை வங்கியில் கொடுத்திருக்க வேண்டும். ஐந்து வருடத்தில் ஒருமுறைகூட நான் கொடுக்கவில்லை. முதிர்வின்போது வட்டியை மொத்தமாக வாங்கினால் கடைசியில்தான் வரி பிடிப்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை. கையில் வராத வட்டிக்கும் வருடா வருடம் பத்து சதவீதம் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறார்கள்.

இதில் கணக்காகப் பார்க்க ஒரு சுவாரசியம் உண்டு. (சுவாரசியம் என்ற சொல்லை அம்மாவிடம் பயன்படுத்தவில்லை.) ஐந்து வருடத்தில் பிடித்த வரி மொத்தம் ஏறத்தாழ 27,500. குறைந்ததோ 32,600. மீதி ஐயாயிரத்துச் சொச்சம் எங்கே? அதை யாரும் எடுக்கவில்லை. அது பிறக்கவே இல்லை. முதல் வருடம் பிடித்த நாலாயிரத்துச் சொச்சம் கணக்கிலேயே இருந்திருந்தால் நாலு வருடம் வட்டி சம்பாதித்திருக்கும். அது போனதால் அதன் பிள்ளைகளும் இல்லை. பிடித்த வரியை ரிட்டர்ன் தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம் என்று ஆடிட்டரிடம் ஓடினேன். ஆரம்ப வருடங்களுக்குக் காலக்கெடு தாண்டியிருந்தது. கடைசி வருடத்துக்கு மட்டும் கிடைத்தது. அப்படித் திரும்பி வந்தாலும் பிறக்காமல் போனது வராது.

அதற்குப் பிறகு ஏப்ரல் முதல் வாரம் எனக்குப் படிவ வாரம். என் பிபிஎஃப்புக்கும் அதே வாரம்தான். பிபிஎஃப்பில் மாதத்தின் 5-ஆம் தேதிக்கும் கடைசித் தேதிக்கும் நடுவில் எது குறைந்த இருப்போ அதற்குத்தான் அந்த மாத வட்டி. வருடம் ஒன்றரை லட்சம் வீதம் பதினைந்து வருடம், 2025-ல் இருந்த 7.1 சதவீதம் மாறாமல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு ஏப்ரல் 5-க்கு முன்னாலும் போடுகிறவருக்கு முடிவில் 40,68,209 ரூபாய். அதே தொகையை ஒவ்வொரு மார்ச் கடைசியில், வருமான வரி ஞாபகம் வந்து அடித்துப் பிடித்துப் போடுகிறவருக்கு 37,98,515. இரண்டே முக்கால் லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவான இந்த வித்தியாசம், வருடா வருடம் கிட்டத்தட்டப் பன்னிரண்டு மாதச் சோம்பலுக்கு. பத்து வருடம் நானும் மார்ச் கடைசி ஆள்தான்.

அப்பாவின் நோட்டுக்குத் திரும்புவோம். அந்த ஏழு வரியிலும் பெருக்கலில் தவறு கிடையாது. ஆனால் ஐந்தரை வருடம் என்பது என்றைக்கும் ஐந்தரை வருடமாகவே இருக்கும் என்று அவர் நினைத்துவிட்டார். இருக்கவில்லை. 72-ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால் இரட்டிப்பாக ஆகும் வருடம் தோராயமாக வரும் என்று ஒரு பழைய குறுக்குவழி உண்டு. 1494-ல் லூக்கா பாச்சோலி இத்தாலியில் அச்சிட்ட கணக்குப் புத்தகத்திலேயே இருக்கிறது. வட்டி இறங்க இறங்க அந்த வருடம் நீளும். 2001 மார்ச்சில் கிசான் பத்திரம் இரட்டிப்பாக ஏழே கால் வருடம் என்றார்கள். 2003-ல் எட்டு வருடம் ஏழு மாதம். 2011 கடைசியில் திட்டத்தையே நிறுத்தி, 2014-ல் நூறு மாதம் என்று திரும்பக் கொண்டுவந்தார்கள். 2023 ஏப்ரலிலிருந்து 7.5 சதவீதம், 115 மாதம். 72-ஐ 7.5-ஆல் வகுத்துப் பாருங்கள், 9.6 வருடம், அதாவது 115 மாதம். குறுக்குவழி இங்கே அச்சாகப் பொருந்துகிறது.

அந்த ஐயாயிரத்தை ஒவ்வொரு தடவையும் முதிர்ந்த அன்றே திரும்பப் போட்டிருந்தால் 2023 மார்ச்சில் 3,20,000 இல்லை, ஒண்ணேகால் லட்சத்தைச் சுற்றித்தான் இருந்திருக்கும். இதைச் சொன்னதும் அம்மா தன் பழைய வழக்கை எடுத்தாள். “அன்னைக்கே ரெண்டு பவுன் வாங்கிப் போடுங்கன்னு சொன்னேன், கேட்டாரா?” 1990-ல் பவுன் இரண்டாயிரத்து ஐந்நூறை ஒட்டி. ஐயாயிரத்துக்கு இரண்டு பவுன் சரியாக வரும். 2023 மார்ச்சில் பவுன் 44,000-ஐச் சுற்றி; இரண்டு பவுனுக்கு 88,000. “பாரு, அப்பா கணக்குதான் ஜெயிச்சிருக்கு” என்றேன். அப்புறம் 2025 அக்டோபரில் பவுன் 90,000-ஐத் தாண்டியது. அன்றைக்குக் காலையில் தினத்தந்தியை மடித்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் இட்லி வைத்தாள்.

உண்மையில் அவளுக்குப் பதில் சொல்லும் வழி எனக்குத் தெரியவில்லை. பத்திரத்தின் வருங்கால மதிப்பைச் சூத்திரம் சொல்லும். பவுனுக்குச் சூத்திரம் கிடையாது, பின்னால் திரும்பிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். பார்க்கிற நாளைப் பொறுத்து யார் ஜெயித்தார்கள் என்பதும் மாறும்.

இத்தனைக்கும், வட்டியை முதலோடு சேர்க்காமல் விட்ட கணக்குகளைத்தான் நம் ஊர் அதிகம் பார்த்திருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஒரு விளக்கு எரிய 96 ஆடு என்று வரும். நாளுக்கு ஓர் உழக்கு நெய் கொடுக்க வேண்டும். இப்படிக் கொடுத்த ஆடுகளைக் கல்வெட்டு மொழியில் ‘சாவா மூவாப் பேராடு’ என்பார்கள். ஆடு சாகாதா, மூப்படையாதா? எண்ணிக்கை சாகாது. செத்ததற்குப் பதில் குட்டியை வைத்து 96-ஐ 96-ஆகவே காப்பது ஆடு ஏற்றவர் பொறுப்பு. நெய் விளக்குக்குப் போகும், முதல் அப்படியே நிற்கும். சுத்தமான தனிவட்டி. பணமாகக் கொடுத்ததற்கும் அங்கே எட்டில் ஒரு பங்கு, அதாவது 12.5 சதவீதம் வருட வட்டி. அதையும் கோயில் செலவுக்கே எடுத்துக்கொண்டார்கள். எடுக்காமல் முதலோடு சேர்த்துக்கொண்டே வந்திருந்தால்? ஒரே ஒரு காசு ஆயிரம் வருடத்தில் 1-க்குப் பின்னால் 51 சுழியம் போட்டதையும் தாண்டும். பூமி முழுக்க உருக்கிக் காசு அடித்தாலும் கட்டாது. அப்படி ஒன்று நடக்காது என்பது ராஜராஜன் காலத்துக் கணக்கருக்குத் தெரிந்திருக்கிறது. யாராவது நடுவில் விளக்கேற்றத்தான் செய்வார்கள்.

எங்கள் வீட்டிலும் ஏற்றினார்கள். 1995 செப்டம்பரில் வந்த பத்தாயிரத்தை அப்பா அப்படியே திரும்பப் போட்டார். நோட்டில் அந்த வரிக்கு எதிரே ஒரு டிக். 2001 மார்ச்சில் இருபதாயிரம் வந்தது. அதற்கும் டிக் இருக்கிறது. பக்கத்தில் சின்னதாக “தம்பி காலேஜ்” என்று எழுதியிருக்கிறார். தம்பி நான்தான். அந்த ஜூனில் ஹாஸ்டல் வாசலில் டிரங்குப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று அவர் போனது ஞாபகம் இருக்கிறது. பணம் எங்கிருந்து வந்தது என்று அப்போது நான் கேட்கவில்லை.

கணக்கு அதோடு முடிந்தது என்று நினைத்துத்தான் பக்கத்தைத் திருப்பினேன். முடியவில்லை. அடுத்த பக்கத்தில் வேறு மையில், வட்டி இறங்கியதையும் கணக்கில் எடுத்து, திருத்தி எழுதியிருந்தார்.

2008 ஜூன் – 40,000 (இருந்திருந்தால்)

அதற்கு எதிரேயும் ஒரு டிக். இல்லாத பத்திரம் முதிர்ந்ததற்குத் தேதி பார்த்து டிக் போட்டிருக்கிறார். அதன் கீழே, எட்டு வருடம் ஏழு மாதத்தைக் கூட்டி, ‘2017 ஜனவரி’ என்று தேதி மட்டும். தொகை எழுதவில்லை, கோடும் போடவில்லை.

அம்மா கீழேயிருந்து, குப்பைக்காரர் வந்துவிட்டார், பழைய நோட்டெல்லாம் போடுவதா வேண்டாமா என்று இரண்டாவது தடவையாகக் கேட்டாள். இதை மட்டும் தனியே எடுத்து வைத்துவிட்டு, மற்றதைக் கட்டிக் கீழே போட்டேன்.